பழைய சிஸ்டத்தின் கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் தர அளவீடு வைப்பது எப்படி? நெல் வாங்கும் சங்கம் ஒன்றுக்காகக் கேட்கிறேன்

சம்மாந்துறைத் தம்பி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். காக்காமார், அண்ணன்மார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்தில் கணினி வேலை முழுவதையும் நான்தான் பார்க்கிறேன். சங்கம் நெல் வாங்குகிறது, உரமும் கிருமிநாசினியும் விற்கும் ஒரு கடை வைத்திருக்கிறது, விதைப்புக்கு முன் கடனும் கொடுக்கிறது. மூன்றும் ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. பிஎச்பியில் எழுதியது, பின்னால் மைஎஸ்க்யூஎல், வயது பத்துக்கு மேல். எழுதியவர் இப்போது கட்டாரில். கேட்டால் பதில் வரும், ஆனால் அவருக்கே பாதி மறந்துவிட்டது.

நிர்வாக சபையில் இரண்டு கட்சி. ஒரு பகுதி இதைத் தூக்கிப் போட்டுவிட்டு கொழும்பில் ஒரு கொம்பனியிடம் புதிதாகச் செய்விக்க வேண்டும் என்கிறது. மற்றப் பகுதி இருப்பதைத் திருத்தினால் போதும், அந்தக் காசுக்கு உரம் எடுத்து வைக்கலாம் என்கிறது. தலைவர் என்னைக் கூப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை புள்ளி என்று ஒரு ரிப்போர்ட் தா தம்பி, அதை வைத்து முடிவெடுப்போம் என்றார்.

கோடைத் தானாகவே பரிசோதித்துத் தரம் போடும் சோனார்கியூப் கருவியைப் போட்டுப் பார்த்தேன். பராமரிப்புக்கு 'ஏ' தரம் வந்தது! ஆனால் ஒவ்வொரு போகமும் தொடங்கும்போது நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பெரும்போகத்தில் வாங்கிய மொத்த நெல் ஒரு ரிப்போர்ட்டில் ஒரு கணக்கு, இன்னொரு ரிப்போர்ட்டில் வேறு கணக்கு. டேட்டாபேஸை அந்தக் கருவி எட்டியும் பார்க்கவில்லை.

டேட்டாபேஸ் வடிவமைப்பின் தரத்தை எதை வைத்து அளப்பது? ஒலுவிலில் படிக்கும்போது நோமலைசேஷன், அதாவது ஒரே தகவல் பல இடத்தில் வராமல் அட்டவணைகளைப் பிரிக்கும் முறை, படித்தோம், ஆனால் அதை எப்படி ஓர் எண்ணாக்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கோடையும் டேட்டாபேஸையும் சேர்த்து ஒரே புள்ளி கொடுக்க ஏதாவது முறை இருக்கிறதா? இதற்கு மேல் போனால் கூடாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட எல்லைகள் இருக்கின்றனவா?


கல்முனைக் கோடர் எழுதியது:

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. டேட்டாபேஸ் பற்றி வேறு யாராவது சொல்வார்கள், நான் அந்த 'ஏ' பற்றி மட்டும் சொல்கிறேன்.

சோனார் அந்தத் தரத்தை எப்படிப் போடுகிறது என்று பாருங்கள். கண்டுபிடித்த குறைகளைத் திருத்த எவ்வளவு நேரம் போகும் என்று ஒரு மதிப்பீடு எடுக்கிறது. அதை முழுக் கோடையும் எழுதப் போகும் நேரத்தால் வகுக்கிறது. அந்த நேரம் யாரும் அளந்தது இல்லை, நீங்கள் மாற்றாவிட்டால் ஒரு வரிக்கு 30 நிமிடம் என்று அதுவே வைத்துக்கொள்ளும். விகிதம் 5 வீதத்துக்குள் நின்றால் 'ஏ'. கோட் நீளமாக நீளமாக வகுக்கும் எண்ணும் பெரிதாகும், அதனால் குறை நிறைய உள்ள பெரிய பழைய சிஸ்டமும் 'ஏ' வாங்கிவிடலாம்.

இன்னொன்று. சைக்ளோமட்டிக் கொம்ப்ளெக்சிட்டி என்று காட்டுகிறதே, அது தோமஸ் மக்கேப் 1976 இல் கொடுத்த அளவு. ஒரு ஃபங்ஷனுக்குள் எத்தனை தனித்தனி வழிகள் ஓடலாம் என்று எண்ணுகிறது. 10 ஐத் தாண்டினால் பிரித்து எழுதுங்கள் என்றுதான் அவரும் சொன்னார், நீங்கள் கேட்ட எல்லைகளில் பழையதும் பிரபலமானதும் அதுதான். ஆனால் உங்கள் மாதிரி சிஸ்டத்தில் புத்தி முழுவதும் டேட்டாபேஸோடு பேசும் எஸ்க்யூஎல் வரிகளுக்குள் இருக்கும். பிஎச்பிக்குள் மேற்கோள் குறிக்குள்ளே அறுபது வரி கியூரி, அதற்குள் அட்டவணைகளைச் சேர்க்கும் ஜொயின் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை பார்க்கும் ஒரு கேஸ், எல்லாம் சேர்ந்து அந்தக் கருவிக்கு வெறும் ஒரு சொற்றொடர். கொம்ப்ளெக்சிட்டி ஒன்று என்று போட்டுவிட்டுப் போய்விடும்.

நான் என்றால் வேறு ஒன்றை எண்ணுவேன். 2024 ஜனவரி 1 ஆம் திகதி வட் வரி 15 இலிருந்து 18 வீதம் ஆனது இல்லையா, அன்றைக்கு உங்கள் கடைப் பகுதியில் எத்தனை பைலில் கை வைக்க வேண்டி வந்தது? ஒரே இடத்தில் மாற்றி முடிந்ததென்றால் அந்தப் பகுதி நல்ல வடிவமைப்பு. இருபது பைலில் 15 என்று தேடித் தேடி மாற்றினீர்கள் என்றால் எந்தக் கருவி என்ன தரம் கொடுத்தாலும் அது மோசம்தான். இப்படி நடந்த மாற்றங்களில் நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பைல், எத்தனை அட்டவணை, பிறகு எத்தனை தவறு திரும்பி வந்தது என்று எழுதுங்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் இல்லையென்றால் பழைய பக்அப் ஃபோல்டர்கள் இரண்டை ஒப்பிட்டாலே எது மாறியது என்று தெரிந்துவிடும்.


வாவிக்கரை எழுதியது:

தம்பி, நான் மட்டக்களப்பில் டேட்டாபேஸ் வேலைதான் பார்க்கிறேன், உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நோமலைசேஷன். எட்கர் கொட் 1970 இல் தரவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாதிரியைக் கொடுத்தார், அடுத்த வருசமே நோமலைசேஷனின் இரண்டாம், மூன்றாம் நிலைகள் வந்தன, பொய்ஸ்-கொட் நிலை 1974 இல் வந்தது. இவை படிகள். மூன்றாம் படி இரண்டாம் படியை விட மேலே, அவ்வளவுதான், எத்தனை மடங்கு மேலே என்று அதில் இல்லை. அதனால் பன்னிரண்டு அட்டவணை மூன்றிலும் எட்டு அட்டவணை ஒன்றிலும் நிற்கிறது, சராசரி 2.2 என்று எழுதினால் அந்த 2.2 எதையும் குறிக்காது.

ஸ்கீமாவுக்கென்றே, அதாவது அட்டவணைகளின் அமைப்புக்கென்றே, அளவுகள் உருவாக்கியவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினில் மாரியோ பியாத்தினி, கொரால் கலேரோ, மார்செலா ஹெனேரோ ஆகியோர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். எத்தனை அட்டவணை, ஓர் அட்டவணையை இன்னொன்றோடு கட்டும் ஃபொரின் கீ எத்தனை, ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும் அந்தத் தொடர்பு எவ்வளவு ஆழம் என்றெல்லாம் எண்ணினார்கள். ஒழுங்காகக் கட்டிய ஸ்கீமாவில் எது சிக்கலானது என்று பார்க்க இது உதவும். உங்கள் சிஸ்டத்தில் போட்டுப் பாருங்கள், என்ன வரும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல் 5.5 க்கு முன்னால் எதுவும் குறிப்பிடாமல் அட்டவணை போட்டால் மைஐசாம் வகையில்தான் உருவாகும், அது ஃபொரின் கீயைக் கட்டாயப்படுத்தாது, எழுதினாலும் பேசாமல் விட்டுவிடும். பத்து வருசத்துக்கு மேற்பட்ட சிஸ்டங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே உங்கள் ஃபொரின் கீ எண்ணிக்கை அநேகமாகப் பூச்சியம், ஆழமும் பூச்சியம். அந்த அளவின்படி உங்கள் ஸ்கீமாதான் உலகத்திலேயே எளிமையான ஸ்கீமா!

அதனால் வரைபடத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் தரவைப் பாருங்கள். வடிவமைப்பு எந்தக் கெடுதலைத் தடுத்திருக்க வேண்டுமோ அந்தக் கெடுதல் எத்தனை தடவை நடந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

அநாதைப் பதிவுகள் முதலாவது. நெல் கொள்வனவு அட்டவணையில் ஒரு விவசாயி எண் இருக்கிறது, விவசாயி அட்டவணையில் அந்த எண்ணே இல்லை. இதை ஒரு லெஃப்ட் ஜொயின் போட்டு எண்ணிவிடலாம். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் இரண்டு கணக்குச் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஒன்று விவசாயி அட்டவணையோடு சேர்த்துக் கூட்டுகிறது, மற்றது சேர்க்காமல் கூட்டுகிறது.

அடுத்தது ஒரே தகவலின் பிரதிகள். தொலைபேசி இலக்கம் விவசாயி அட்டவணையிலும் இருக்கும், கடன் அட்டவணையிலும் இருக்கும், கடைப் பற்றுக் கணக்கிலும் இருக்கும். பிரதி இருப்பதை மட்டும் எண்ணினால் யாரும் அசையமாட்டார்கள். பிரதிகள் ஒன்றுக்கொன்று முரண்படும் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்ணைப் பார்த்தால் கடன் அறவிடும் உத்தியோகத்தரே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

பிறகு புலங்களின், அதாவது அட்டவணையின் நெடுவரிசைகளின், பெயர்கள். பெரும்போகம் 2014, சிறுபோகம் 2014, பெரும்போகம் 2015 என்று புலம் புலமாகப் போட்டிருக்கிறார்களா? நீங்கள் ஒவ்வொரு போகத்துக்கும் படும் பாடு என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. டேட்டாபேஸ் தன் அமைப்பையே எழுதி வைத்திருக்கும் இன்ஃபொர்மேஷன் ஸ்கீமாவில் பெயருக்குள் இலக்கம் வரும் புலங்களைத் தேடினால் ஒரே கியூரியில் பட்டியல் வரும். புதிய போகம் வந்தால் புதிய வரிசை சேர வேண்டும், புதிய புலம் சேரக்கூடாது. வருசத்துக்கு இரண்டு தடவை அட்டவணையின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் அதுவே ஓர் அளவு, நேர்மையான அளவு.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, புலம் நிரம்பி வழிதல். ஒரு புலத்துக்குக் கொடுத்த நீளமும் அதற்குள் இருக்கும் பெறுமதியின் நீளமும் சரிக்குச் சரியாக இருக்கும் பதிவுகளை எண்ணுங்கள். அவற்றில் பல வெட்டுப்பட்டவை. மைஎஸ்க்யூஎல் 5.7 இலிருந்துதான் கண்டிப்பான முறை தானாகவே வந்தது, அதற்கு முன் நீளம் கூடினால் ஓர் எச்சரிக்கையோடு வெட்டிச் சேமித்துவிடும், அந்த எச்சரிக்கையை யார் பார்த்தார்கள்? தமிழில் இது இன்னும் மோசம். கிருஷ்ணபிள்ளை என்ற பெயர் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, டேட்டாபேஸுக்கு அது 13, ஏனென்றால் விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 20 என்று கொடுத்த புலத்துக்குள் தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதினால் வால் போய்விடும்.

அடையாள அட்டை இலக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், மொத்தம் பத்து. 2016 இலிருந்து பன்னிரண்டு இலக்கம். பத்து நீளத்தில் புலம் போட்டிருந்தால் புதிய இலக்கங்களின் கடைசி இரண்டும் காற்றில் போயிருக்கும். புலம் பெரிதாக இருந்தாலும் ஒரே ஆள் பழைய இலக்கத்தில் ஒரு தடவையும் புதிய இலக்கத்தில் ஒரு தடவையும் பதிந்திருக்கலாம், இரண்டு கடனும் வாங்கியிருக்கலாம். பழையதைப் புதியதாக மாற்றுவது சுலபம், முன்னால் 19 போடுங்கள், பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியம் போடுங்கள், கடைசி எழுத்தை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் அப்படி மாற்றிவிட்டு எத்தனை பேர் இரண்டு தடவை வருகிறார்கள் என்று எண்ணுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த வேலையை ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரில் செய்ய வேண்டாம், பிரதி எடுத்துச் சங்கத்துக் கணினியிலேயே செய்யுங்கள். அந்தத் தரவு விவசாயிகளுடையது, 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோவதோ இங்கே ஸ்கிரீன்ஷொட் போடுவதோ வேண்டாம்.


வந்தாறுமூலை ஆள் எழுதியது:

வாவிக்கரை அக்கா சொன்ன அளவுகள் எல்லாம் எனக்குச் சம்மதம். அளவீடு உருவாக்கும் முறை பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் தம்பி ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் எண்ணிவிட்டு வந்து இதில் எது முக்கியம் என்று கேட்கும் ஆபத்து இருக்கிறது.

விக்டர் பசிலி நாசாவோடு சேர்ந்து மென்பொருள் அளவீட்டில் வேலை செய்தவர். அவர்கள் வகுத்த முறையில் முதலில் நோக்கம், பிறகு அந்த நோக்கம் எழுப்பும் கேள்விகள், கடைசியில்தான் அளவு. உங்கள் சபையின் நோக்கம் சிஸ்டத்தின் தரத்தை அறிவது இல்லை தம்பி, புதிதாகச் செய்வதா திருத்துவதா என்று முடிவெடுப்பது. அதிலிருந்து வரும் கேள்விகள் வேறு. அடுத்த போகத்தைத் திறக்க எவ்வளவு வேலை? இன்றைக்கு இருக்கும் கணக்கை எவ்வளவு நம்பலாம்? எந்தப் பகுதியைத் தொட்டால் மற்றது உடைகிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத எண்ணை அறிக்கையில் போட வேண்டாம், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ஓர் அளவு உண்மையில் எதையாவது சொல்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும். நெல்லின் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போனால் ஏன் விலை குறைக்கிறோம்? களஞ்சியத்தில் வைத்தால் பழுதாகும் என்று கண்ட அனுபவம் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. மென்பொருள் அளவுகளில் பலவற்றுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை, யாரோ ஒரு கருவியில் போட்டார்கள், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சிடாம்பரும் கெமரரும் 1994 இல் ஒப்ஜெக்ட் வழிக் கோடுக்கு ஆறு அளவுகள் கொடுத்தார்கள், அவை இன்றைக்கும் பாடத்தில் இருக்கின்றன. அவை தவறுகளை முன்கூட்டிக் காட்டுகின்றன என்று பல ஆய்வுகள் வந்தன. 2001 இல் எல் எமாமும் கூட இருந்தவர்களும், கிளாஸின், அதாவது அந்தக் கோடின் ஒவ்வோர் அலகின், பருமனைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தத் தொடர்பு பெரும்பாலும் காணாமல் போகிறது என்று காட்டினார்கள். பெரிய கிளாஸில் தவறு கூட இருக்கும் என்பதைத்தான் சுற்றிவளைத்து அளந்திருக்கிறார்கள். உங்கள் கையில் என்ன அளவு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது வெறும் வரி எண்ணிக்கையை விடக் கூடுதலாக எதையாவது சொல்கிறதா என்பதைத்தான்.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று. முறைப்பாட்டுப் புத்தகமோ வட்ஸ்அப் குழுவோ கட்டாயம் இருக்கும், எந்தத் திரையில் எப்போது பிழை வந்தது என்று அதிலிருந்து எடுங்கள். அளவுகள் மோசம் என்று காட்டும் பகுதிகளும் முறைப்பாடு கூடிய பகுதிகளும் ஒன்றாக இருந்தால் அந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். நாகப்பனும் போலும் 2005 இல் விண்டோஸ் சேர்வர் 2003 இல் ஆராய்ந்தபோது, ஒரு பகுதி தன் அளவோடு ஒப்பிடும்போது எவ்வளவு மாற்றப்பட்டது என்பதே அதன் தவறுகளை நன்றாக முன்சொன்னது. கல்முனை நண்பர் மாற்றங்களை எண்ணச் சொன்னதும் அதே திசைதான்.

ஒரே புள்ளி பற்றி: கொடுக்க வேண்டாம். தரத்துக்கான சர்வதேச நியமம் ஐஎஸ்ஓ 25010 கூட 2011 பதிப்பில் எட்டுத் தனித்தனிப் பண்புகளாகத்தான் பிரித்தது. வேகத்துக்கு 80, நம்பகத்துக்கு 40, சராசரி 60 என்றால் அந்த 40 மறைந்துபோகும், உங்கள் சங்கத்துக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.


சம்மாந்துறைத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹ், மிக்க நன்றி. பிரதி எடுத்து வைத்து அக்கா சொன்னவற்றை ஓட்டிப் பார்த்தேன். ஃபொரின் கீ உண்மையிலேயே ஒன்றுகூட இல்லை. போகத்துக்கு ஒரு புலம் என்பதும் அப்படியே இருக்கிறது. அநாதைப் பதிவுகளை நீக்கிவிட்டுக் கூட்டினால் இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே கணக்குக்கு வருகின்றன, இத்தனை நாளும் தராசுக்காரரைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். முறைப்பாடுகள் பெரும்பாலும் கடன் பகுதியில், கடைப் பகுதியில் மிகக் குறைவு.

இப்போது இரண்டு விஷயம். தலைவர் இன்னும் ஒரு புள்ளிதான் கேட்கிறார், பக்கம் பக்கமாகக் கொடுத்தால் யாரும் வாசிக்கமாட்டார்கள் என்கிறார், அவர் சொல்வதும் நியாயம்தான். மற்றது, விவசாயி பெயர்கள் சிலவற்றைத் தேடினால் கிடைப்பதில்லை, திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பிக் கிடக்கின்றன. இதையும் வடிவமைப்புக் குறையாகக் கணக்கெடுக்கலாமா?


கல்முனைக் கோடர் எழுதியது:

ஒரு பக்கம் போதும் தம்பி. ஒரு வரியில் எண், அதே வரியில் அதனால் சங்கத்துக்கு என்ன நட்டம், அதைத் திருத்த எத்தனை நாள் வேலை. தலைவருக்கு அநாதைப் பதிவு என்று சொல்ல வேண்டாம், யார் கொண்டுவந்தது என்று தெரியாத நெல் இத்தனை கிலோ என்று சொல்லுங்கள், அவர் நிமிர்ந்து உட்காருவார்.

கடைப் பகுதியையும் கடன் பகுதியையும் தனித்தனியாகக் காட்டுங்கள். கடை ஓரளவு நன்றாக ஓடுகிறது என்றால் அதைப் புதிதாகச் செய்யக் காசு கொடுக்கத் தேவையில்லை, சபையின் இரண்டு பகுதியும் ஒத்துப்போக அங்கே ஓர் இடம் கிடைக்கலாம். இன்னொன்றையும் தடித்த எழுத்தில் போடுங்கள்: கொழும்புக் கொம்பனி எவ்வளவு நல்ல சிஸ்டம் செய்தாலும் இதே தரவுதான் அதற்குள் போகும். இரட்டை அடையாள அட்டை, வெட்டுப்பட்ட பெயர், ஆளில்லாத நெல், எல்லாம் புதிய வீட்டுக்கும் கூடவே வரும். அதைச் சுத்தம் செய்யும் செலவு இரண்டு வழியிலும் இருக்கிறது, அவர்கள் விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

புதிய கொம்பனியோடு ஒப்பந்தம் போட்டால் கொம்ப்ளெக்சிட்டி இத்தனைக்குள், தரம் 'ஏ' என்று மட்டும் நிபந்தனை எழுத வேண்டாம். எண்ணுக்குக் காசு என்றால் எண் வரும், ஒரு ஃபங்ஷனை ஐந்தாக வெட்டிவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுவார்கள். புதிய போகம் திறக்கக் கோடிலோ அட்டவணை அமைப்பிலோ கை வைக்கக்கூடாது என்று எழுதுங்கள். அதை நீங்களே ஒரு தடவை செய்து பார்த்துச் சரிபார்க்கலாம்.


வாவிக்கரை எழுதியது:

கோடர் சொன்னது சரி. பெயர்ப் பிரச்சினைக்கு வருகிறேன் தம்பி, அது பாமினி. ஒரு காலத்தில் இங்கே எல்லா அலுவலகமும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தன. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் தேடினால் அந்த ஆள் கிடைக்கவேமாட்டார், அதனால் இன்னொரு தடவை புதிதாகப் பதிவார்கள், இரட்டைப் பதிவில் ஒரு பங்கு இங்கிருந்தும் வருகிறது. கட்டாயம் கணக்கில் சேருங்கள். ஒரே புலத்துக்குள் இரண்டு குறிமுறையை விட்டது வடிவமைப்பின் குறைதான், தட்டச்சு செய்த பிள்ளைகளின் குறை இல்லை.

எண்ணுவது கஷ்டமில்லை. யூனிகோட் தமிழில் ஓர் எழுத்துக் குறிக்கு 3 பைட், பாமினியில் ஒன்று. பைட் நீளமும் குறி நீளமும் சமமாக வந்தால் அந்தப் பெயர் ஒன்று உண்மையான ஆங்கிலம், அல்லது பாமினி. பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறியைத்தான் தட்டுவார்கள், ஆங்கிலப் பெயருக்குள் அரைப்புள்ளி வரவே வராது, அதனால் அதைத் தேடினால் பெரும்பகுதி பிடிபடும். புள்ளி வைத்த எழுத்தே இல்லாத சின்னப் பெயர்கள் தப்பிவிடும், அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மாற்றும்போது புதிய புலம் ஒன்று போட்டு அதற்குள் மாற்றுங்கள், பழைய புலத்தை அழிக்க வேண்டாம். கடன் பத்திரங்கள் அந்தப் பெயரில்தான் அச்சாகிக் கையெழுத்தாகியிருக்கும், யாராவது வந்து இது நான் இல்லை என்று சொன்னால் எடுத்துக் காட்ட அது வேண்டும்.